பனிக்காலத்துக் காவல்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆனால் தரையையும் மச்சையும் துளைக்கிற அந்தப் பனி நம் கொல்லை வாழையை ஒரு நாளும் கொன்றதில்லை. விடியற்காலையில் இலை நுனியில் முத்து முத்தாகத் தொங்கும். வெயில் ஏறியதும் போன இடம் தெரியாது. நாம் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்வோம். செடிக்கு யாராவது மப்ளர் கட்டியதுண்டா?

உதகமண்டலத்துக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் சில இரவுகள் உறைபனி விழும். மாலையில் பச்சைப் பசேலென்று இருந்த உருளைக்கிழங்குப் பாத்தி, மறுநாள் வெயில் வந்ததும் வெந்நீர் கொட்டினாற்போல் துவண்டு கறுத்துவிடும். தேயிலைக் கொழுந்துக்கும் அதே கதிதான். செடியின் உடம்பில் பெரும்பாகம் தண்ணீர். அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது உள்ளேயிருக்கும் நுண்ணிய அறைகள் சிதைந்துபோகின்றன. அதற்கப்புறம் வெயில் வந்து என்ன, வராமல் என்ன?

நீலகிரியில் சில இரவுகள் நடப்பது ஐரோப்பாவின் வடபகுதியில் மாதக்கணக்கில் நடக்கிறது. அந்த நாட்டு மரங்களுக்கு அது பழகிப்போன விஷயம். இலைகளை உதிர்த்துவிட்டு, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களைப்போல் வசந்தம் வரும்வரை கிடந்துவிடும். உஷ்ண தேசத்திலிருந்து போன செடிக்கு அந்த வித்தை தெரியாது. அது பச்சை இலையோடு நின்றபடியே சாகும்.

இது தெரிந்தும் குளிர்நாட்டு மனிதர்களுக்கு நம் பக்கத்துச் செடிகளின்மேல் ஆசை விடவில்லை. அந்த ஆசைக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அதைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சக்கரவர்த்திகளும் பிரபுக்களும் வருகிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கோ அவர்களுக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு ஆளைத்தான் தேடத் தோன்றுகிறது. நடு நிசியில் போர்வையை உதறிவிட்டு எழுந்துபோய், செடிக்குக் குளிருகிறதா என்று பார்த்த ஆள் யார்?

ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸ் கி.பி. 14 முதல் 37 வரையில் ஆண்டவர். வெள்ளரி ஜாதிக் காய் ஒன்றின்மேல் அவருக்கு அபாரப் பிரியம். அது இல்லாமல் ஒரு நாளும் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். குளிர்காலத்தில் எங்கே போவது? சக்கரம் வைத்த பெட்டிகளில் மண்ணைக் கொட்டிக் கொடியை வளர்த்தார்கள். வெயில் அடித்தால் பெட்டியை வெளியே தள்ளினார்கள். குளிர் கடுமையானால் உள்ளே இழுத்து, ஒளி புகக்கூடிய கல் தகடுகளால் மூடினார்கள். மூத்த பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். தள்ளியவர்கள் பெயரை அவர் எழுதவில்லை.

பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து இந்த ஆசைக்கு உண்மையான வேகத்தைக் கொடுத்தது ஆரஞ்சு மரம். ஆரஞ்சு என்று நாம் இங்கிலீஷ் வார்த்தையாக நினைத்துச் சொல்வது வெகுதூரம் சுற்றி வந்த நம் வீட்டுப் பிள்ளை. ஸம்ஸ்கிருதத்தில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானிஷில் நாரன்ஹா. மூலச் சொல் நம் தென்னாட்டு மொழிகளில் ஒன்றாக இருக்கலாம் என்று மொழி ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். நம் நாரத்தை அதற்கு ஒன்றுவிட்ட உறவு. சொல் போன வழியிலேயே மரமும் போயிற்று. அரேபியர் புளிப்புக் கிச்சிலியை மத்தியதரைக் கடல் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கொஞ்சம் கருணையுள்ள குளிர், மரம் பிழைத்துக்கொண்டது.

பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் 1494-ம் ஆண்டில் இத்தாலியின்மேல் படையெடுத்தான். யுத்தத்தில் அவனுக்கு நிலைத்த லாபம் எதுவும் இல்லை. ஆனால் இத்தாலியத் தோட்டங்களைக் கண்டு மயங்கி, திரும்பும்போது தோட்டக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போனான். அவர்களோடு ஆரஞ்சு மோகமும் பிரான்ஸுக்குள் நுழைந்தது. வருஷம் முழுவதும் பச்சை இலை; ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் பழமும்; தோட்டம் முழுவதும் மணம். ஆறு மாதம் மொட்டை மரங்களையே பார்த்து அலுத்த கண்களுக்கு அது கற்பகத் தரு போலத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் கற்பகத் தரு ஓர் இரவுப் பனியைத் தாங்காது. ஆகவே அதைத் தரையில் நடாமல் மரத் தொட்டிகளில் வைத்தார்கள். குளிர் வருமுன் அவற்றைக் கொண்டுவைக்க ஆரஞ்சு மாளிகை என்றே ஒரு தனிக் கட்டடம் எழுப்பினார்கள். அதன் அமைப்பில் நல்ல யுக்தி இருக்கிறது. வட தேசத்துக் குளிர்காலத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்கே, தாழ்வாக, சோம்பேறிபோல் நகர்ந்துவிட்டு மறைந்துவிடும். அதனால் தெற்குப் பக்கம் முழுவதும் ஆளுயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு உயர்ந்த ஜன்னல்கள். வடக்குப் பக்கம் கனத்த சுவர். பகலில் உள்ளே வந்த வெயிலைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். உள்ளே கதகதப்பு என்று ஒன்றும் இராது. தண்ணீர் உறையாத அளவுக்குச் சூடு இருந்தால் போதும். மரம் வளரவும் வேண்டாம், பூக்கவும் வேண்டாம். பிழைத்துக் கிடந்தால் சரி. தண்ணீரையும் அந்த நாளில் குறைத்துவிட வேண்டும். தூங்குகிற வேருக்கு அதிகத் தண்ணீர் விட்டால் அழுகிவிடும். தொட்டிச் செடிகளைக் குளிரைவிட அதிகமாகக் கொன்றது அன்புமிக்கவர்கள் ஊற்றிய தண்ணீர்தான் என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள்.

இத்தகைய மாளிகைகளில் பெயர்பெற்றது பதினான்காம் லூயி மன்னரின் வெர்சேல்ஸ் அரண்மனையில் இருப்பது. அவருடைய ஆரஞ்சு மோகத்துக்குப் பின்னே ஒரு பொறாமைக் கதை உண்டு. அவருடைய நிதி மந்திரி ஃபூக்கே, தமக்கென்று வோ என்னும் இடத்தில் ஓர் அற்புத மாளிகை கட்டி, 1661-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி மன்னருக்கு விருந்து வைத்தார். எஜமானனைவிட ஆடம்பரமாக வாழலாமா? மூன்று வாரம் ஆவதற்குள் மந்திரி கைதானார். சிறையிலேயே 1680-ல் இறந்தார். அவருடைய ஆரஞ்சு மரங்கள் மட்டும் தொட்டியோடு ராஜாங்கச் சொத்தாயின. அந்த வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்த லா கேந்தினியும் மன்னரிடம் வந்து சேர்ந்தார். சட்டம் படித்த மனிதர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு மண்ணைக் கொத்த வந்தவர்.

மான்சார் என்ற சிற்பி 1684-ல் தொடங்கி இரண்டு வருஷத்தில் வெர்சேல்ஸில் ஆரஞ்சு மாளிகையைக் கட்டி முடித்தார். நடு மண்டபம் மட்டும் சுமார் 500 அடி நீளம். சுவர்களின் கனம் 13 அடிக்குக் குறையாது. மேலே தோட்டத்து மண் போர்வைபோல் மூடியிருக்கிறது. பெரும்பாலும் தீ மூட்டாமலே அங்கே மரங்கள் குளிர்காலத்தைக் கழித்துவிடும். தொட்டிகளிலும் ஒரு வேலைப்பாடு. பக்கத்துப் பலகைகளைக் கழற்றி, மரத்தை அசைக்காமல் பழைய மண்ணை எடுத்துப் புது மண் போடலாம். அக்டோபரில் உள்ளே கொண்டுபோவார்கள். மே மாதத்தில் வெளியே கொண்டுவருவார்கள். ஐரோப்பியக் குடியானவர்களிடம் பனிப் புனிதர்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மே மாதம் 11, 12, 13 தேதிகளுக்குரிய மூன்று ஞானிகள் போகும்வரையில் இளஞ்செடியை வெளியே விடக்கூடாதாம். நம் ஊர்க் கிழவர்கள் ஆடிப் பட்டம் பார்ப்பதுபோலத்தான்.

இந்த மண்டபத்தில் வாழ்ந்த ஒரு மரத்தின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1421-ம் ஆண்டில் பாம்ப்லோனா நகரில் ஊன்றிய விதையிலிருந்து முளைத்தது அது என்பது பரம்பரையாக வரும் வரலாறு. கைமாறிக் கைமாறி, பூர்போன் பிரபுவின் மாளிகைக்கு வந்தது. அந்தப் பிரபு 1523-ல் தம் மன்னன் முதலாம் ஃபிரான்ஸிஸை விட்டு எதிரியிடம் போய்ச் சேர்ந்தார். சொத்து முழுவதும் பறிமுதல், மரமும் பறிமுதல். பிரபு 1527-ல் ரோமாபுரியின் கோட்டைச் சுவரடியில் சுடப்பட்டு இறந்தார். மரமோ ராஜாங்கத் தோட்டத்துக்குப் போய், பின்பு வெர்சேல்ஸுக்கு வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசன் தலை போயிற்று. மரத்தின் தலையை யாரும் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரையில் அது இருந்ததாகச் சொல்கிறார்கள்.

பரம்பரை வரலாற்றில் சில வருஷங்கள் கூடுதலாகவே இருக்கட்டும். ஆனாலும் நானூறு குளிர்காலங்களுக்குக் குறையாது. நானூறு அக்டோபர் மாதங்களில் நாலைந்து பேர் தோள் கொடுத்து அந்தத் தொட்டியை உள்ளே வைத்திருக்கிறார்கள். அரசன் மாறினான், சட்டம் மாறியது, சம்பளம் வந்த மாதமும் உண்டு, வராத மாதமும் இருந்திருக்கும். அவர்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு வருஷம், “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று படுத்திருந்தால் போதும். கதை அன்றே முடிந்திருக்கும். நானூறு வருஷத்தில் அந்த வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் என் மனத்தைத் தொடுகிறது.

ஆரஞ்சுக்கு வெயிலும் சுவரும் போதுமென்றால், இன்னும் வெப்பமான நாட்டுச் செடிகளுக்கு அது போதவில்லை. அடுப்பு வேண்டியிருந்தது. முதலில் அறைக்குள்ளேயே கரி அடுப்பை வைத்துப் பார்த்தார்கள். புகையும் வறண்ட காற்றும் செடியைக் குளிரைவிடச் சீக்கிரம் கொன்றன. 1683-84 குளிர்காலத்தில் தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடைத்தெருவே நடந்தது. ஜான் ஈவ்லின் என்ற ஆங்கிலக் கனவானின் தோட்டம் அந்தப் பனியில் பெரிதும் நாசமாயிற்று. அடுத்த வருஷம், 1685 ஆகஸ்டில், அவர் லண்டனுக்கு அருகே செல்ஸியில் இருந்த மருந்துச் செடித் தோட்டத்துக்குப் போனார். வாட்ஸ் என்ற தோட்ட அதிகாரி தரைக்கு அடியில் அடுப்பு அமைத்து, மேலே செடிகளை வைத்திருந்தார். கடும் பனியிலும் கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்க முடிகிறதாம். ஈவ்லின் வியந்துபோய்த் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். பிற்பாடு, வெளிக்காற்றைக் குழாய் வழியே சூடாக்கி உள்ளே விடும் ஏற்பாட்டை அவரே யோசித்து வெளியிட்டார்.

அடுப்பு வந்ததும் ராத்திரி விழிப்பும் வந்துவிட்டது. தீ தணிந்தால் செடி விறைக்கும்; மிஞ்சினால் வாடும். பெரிய தோட்டங்களில் மதில் சுவருக்கு வடக்கே, வெயில் படாத பக்கத்தில், இளம் தோட்டக்காரர்களுக்கு ஒரு கொட்டகை இருக்கும். அவர்கள் முறை வைத்து இரவில் எழுந்து கரி போடுவார்கள். சுவருக்குத் தெற்கே செடி, வடக்கே பையன்கள். யாருக்கு அதிக உபசாரம் என்று கேட்கவேண்டியதில்லை.

இப்படிக் காப்பாற்றப்பட்ட செடிகளில் நமக்கு மிகவும் வேண்டிய ஒருவரும் உண்டு. நாம் கை அலம்பிய தண்ணீரிலேயே குலை தள்ளும் வாழைதான். ஹாலந்து தேசத்தில் ஹார்ட்டகாம்ப் என்ற இடத்தில் ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்னும் செல்வருக்கு ஒரு தோட்டம். செடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டிப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற லின்னேயஸ், 28 வயது வாலிபராக அங்கே உத்தியோகத்தில் இருந்தார். வாழை அங்கே வளர்ந்தது, பூக்க மறுத்தது. லின்னேயஸ் யோசித்தார். வாழை பிறந்த நாட்டில் வருஷம் முழுவதும் ஒரே மாதிரி மழை பெய்கிறதா? இல்லையே. கோடை காய்கிறது, பிறகு மழை கொட்டுகிறது. அவரும் தோட்டக்காரர் நீட்செலும் சேர்ந்து, வாழையை வளமான மண்ணில் வைத்து, சில வாரங்கள் தண்ணீர் காட்டாமல் காயப் போட்டார்கள். பிறகு மழை கொட்டுவதுபோல் நிறைய ஊற்றினார்கள். 1736-ம் ஆண்டின் தொடக்கத்தில், வெளியே ஹாலந்து தேசம் குளிரில் விறைத்துக் கிடக்கையில், உள்ளே வாழை பூ விட்டது! அதிசயம் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். லின்னேயஸ் அந்த ஒரு வாழையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். பின்னர் ஸ்வீடனில் உப்ஸாலாத் தோட்டம் தம் பொறுப்புக்கு வருமுன்பே, நீட்செலை அங்கே வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டார். நல்ல தோட்டக்காரனின் அருமை தெரிந்த மனிதர்.

அடுத்த நூற்றாண்டு கண்ணாடியின் காலம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் ஜில்லாவிலுள்ள சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஜோஸப் பாக்ஸ்டன் என்ற 22 வயதுக் குடியானவன் மகன் 1826-ம் ஆண்டில் தலைமைத் தோட்டக்காரனாக வந்தான். விடியற்காலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தானாம். கதவு திறக்கவில்லை, மதில் ஏறிக் குதித்தான். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஆட்களுக்கு வேலை கொடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அங்கே ஒரு பெண்ணைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தான். அடுத்த வருஷமே கல்யாணம். நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள். அவரே சொன்ன கதை இது.

அந்தப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரையில் ஒரு கண்ணாடி மாளிகை கட்டினார். நீளம் 277 அடி, அகலம் 123 அடி, உயரம் 67 அடி. எட்டுக் கொதிகலங்களிலிருந்து வெந்நீர்க் குழாய்கள் தரைக்கடியில் ஓடின. 1843-ல் விக்டோரியா மகாராணி வந்தபோது வண்டியோடு உள்ளே சென்று, ஆயிரக்கணக்கான விளக்குகளின் நடுவே பனைகளையும் வாழைகளையும் பார்த்தாள். பாக்ஸ்டனின் கைவரிசையைக் கண்ட வெல்லிங்டன் பிரபு, இந்த ஆள் தம்மிடம் ஒரு தளபதியாக இருந்திருக்கக்கூடாதா என்றாராம்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் வேறொரு விஷயம் கண்ணில் படுகிறது. நிலக்கரி ஒரு சுரங்க வழியாக, யார் கண்ணிலும் படாமல் கொதிகலங்களுக்குப் போயிற்று. புகையும் தரைக்கடியிலேயே சென்று தூரத்துக் காட்டில் மறைவாய் இருந்த புகைபோக்கியில் வெளியேறிற்று. வருகிறவர்களுக்குக் கரியும் தெரியாது, கரி தள்ளுகிறவனும் தெரியமாட்டான். பச்சை இலை மட்டுமே தெரியும்.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. கரி யுத்தத்துக்கு வேண்டியிருந்தது. கரி தள்ளிய இளைஞர்களும் யுத்தத்துக்கு வேண்டியிருந்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் கொதிகலங்கள் அணைந்தன. எண்பது வருஷத்துச் சேகரிப்பு குளிரில் அழிந்தது. அதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? ஆள் சாகிற காலத்தில் பனைமரத்துக்குக் கரி கேட்பது நியாயமா? வெறுங் கூடாகிவிட்ட மாளிகையை 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவ்வளவு நேர்த்தியான இரும்பும் கண்ணாடியும் முதல் வெடிக்கு விழவில்லை. திரும்பத் திரும்ப வைக்கவேண்டி வந்தது. அந்த வேலையை முன்னின்று செய்தவர் பாக்ஸ்டனுடைய சொந்தப் பேரர்.

பெரிய இடத்துக் கதை இப்படி முடிய, சின்ன வீடுகளில் காரியம் சத்தமில்லாமல் நடந்து வந்தது. மெக்ஸிகோவிலிருந்து வந்த டேலியா 1789-ல் மாட்ரிட் நகரில் பூத்தது. முதல் பனியில் அதன் இலை கறுத்ததும் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, காய்ந்த மணலில் புதைத்து நிலவறையில் வைத்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜெரேனியத்துக்கோ சமையலறை ஜன்னலே ஆரஞ்சு மாளிகை. ஏழை வீட்டுக் கிழவியும் இலையுதிர் காலத்தில் அதை உள்ளே எடுத்து வைத்து, அடுப்புச் சூட்டில் வசந்தம் வரை காப்பாற்றினாள். நாம் வாசல் துளசிக்குத் தண்ணீர் விடுவதைப்போல, அவளுக்கு அது அன்றாடக் கடமை.

இந்தச் சின்ன வீட்டு வழக்கம் ஒரு முறை ஒரு பெரிய தோட்டத்தையே தாங்கவேண்டி வந்தது. மகா பீட்டர் 1714-ல் ஏற்படுத்திய மருந்துச் செடித் தோட்டம் லெனின்கிராட் நகரின் தாவரத் தோட்டமாக வளர்ந்திருந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் ஜெர்மன் படைகள் 1941 செப்டம்பரில் அந்நகரை முற்றுகையிட்டன. நவம்பரில் குண்டு விழுந்து கண்ணாடி வீடுகள் நொறுங்கின. ரஷ்யப் பனி உள்ளே புகுந்தது. இரண்டு நூற்றாண்டுகளாகப் பலர் காத்து வந்த உஷ்ண தேசத்துச் செடிகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின.

அந்தக் குளிர்காலத்தில் நகரில் பலருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். மேஜை நாற்காலிகளையும் புத்தகங்களையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். அந்த நிலையிலும் தோட்டத்து ஊழியர்கள் பிழைத்த செடிகளைப் பொறுக்கித் தங்கள் வீடுகளுக்கு எடுத்துப் போனார்கள். கள்ளிச் செடிகளைப் பார்த்துவந்த குர்னாகோவ் என்ற தோட்டக்காரர் அவற்றைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார். தமக்கே சூடு இல்லாத அறையில், கிடைத்த சூட்டைக் கள்ளிச் செடியோடு பங்கிட்டுக்கொண்டார். 1944 ஜனவரியில் முற்றுகை விலகியது. அந்தச் செடிகள் தோட்டத்துக்குத் திரும்பின. யுத்தத்தில் பிழைத்த செடிகளுக்கு, போர்வீரர் பதக்கத்தில் இருப்பதுபோன்ற நாடாவைக் கட்டி அடையாளம் வைத்தார்கள்.

சாட்ஸ்வொர்த்தில் அடுப்பு அணைந்ததும் நியாயம். லெனின்கிராடில் அணையாமல் இருந்ததும் நியாயம். இரண்டையும் தராசில் வைத்து நிறுக்க நான் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. முன்னதில் அடுப்பு எஜமானனுடையது. அவன் கை தளர்ந்ததும் அணைந்தது. பின்னதில் செடியைத் தினம் தொட்டவரே அதற்கு எஜமானராகிவிட்டார். அவரிடம் கரி இல்லை, கண்ணாடி இல்லை, வயிற்றுக்குச் சோறுகூட இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாத குணம் ஒன்றுதான் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

வெர்சேல்ஸில் இன்றைக்கும் ஆயிரத்துக்குக் குறையாத தொட்டி மரங்கள் அக்டோபரில் உள்ளே போகின்றன; மே மாதத்தில் வெளியே வருகின்றன. இப்போது தூக்குவதற்கு யந்திரம் இருக்கிறது. ஆனால் எந்த நாள் தூக்குவது என்று வானத்தைப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு மனிதர்தான் வேண்டியிருக்கிறது.